கேட்டதற்கெல்லாம் ஓகே

முகம்மது ஹனீப் திரையில் எது குதித்து வந்து எதைக் கேட்டாலும் படித்துப் பார்க்கமாட்டார், ஓகேயை அமுக்கிவிடுவார். அப்டேட் செய்யவா? ஓகே. நீங்கள் இருக்கும் இடத்தைத் தெரிந்துகொள்ளவா? ஓகே. புதிதாக ஒரு ஏஐ உதவியாளர் வந்திருக்கிறது, நீங்கள் எழுதுவதை அதுவே திருத்தட்டுமா, நீங்கள் செய்வதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டுமா? ஓகே, ஓகே. மறுத்தால் லேப்டாப் கோபித்துக்கொள்ளும் என்று பயப்படுகிறவரைப் போல அமுக்குவார். யாராவது கேட்டால், "நல்லதுக்குத்தானப்பா கேக்கான்" என்பார்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை அவருடையது. பை வாங்குகிறவர்கள் எங்கெங்கோ இருந்துகொண்டு ஆங்கிலத்தில் மெயில் போடுவார்கள். ஹனீப்புக்குத் தமிழும் பம்பாய் இந்தியும் பேச வரும்; வாசிப்பது என்றால் இரண்டிலுமே எழுத்துக் கூட்ட வேண்டும். முன்பெல்லாம் மகள் அதீபா காலேஜ் விட்டு வரும்வரை மெயில்கள் காத்துக் கிடந்தன. ப்ரௌசருக்குள் ஏஐ வந்தபிறகு அந்தக் கவலை விட்டது. இவர் தமிழில் பேசினால் அது ஆங்கிலத்தில் எழுதும். வந்த மெயிலை இனிமையான ஒரு பெண் குரலில் தமிழில் வாசித்துக் காட்டும். பட்டறையில் தைக்கும் காரிகர்கள் அதற்கு 'பாயோட செகரட்டரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். செகரட்டரி பேசும்போது காதில் விழவேண்டும் என்பதற்காக ஹனீப் தையல் மெஷின்களையெல்லாம் நிறுத்தச் சொல்வார். நிறுத்திவிட்டு எல்லோருமே கேட்பார்கள்.

அதே பட்டறையில் பைகளுக்கு நூல் வெட்டி, துடைத்து, உறையில் போடும் வேலை இசக்கிசெல்விக்கு. அவளும் அதீபாவும் ஒரே சந்தில் வளர்ந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, செம்பூரில் ஒரே காலேஜில் பி.காம். முடித்தவர்கள். படிப்பு முடிந்ததும் அதீபா முதலாளி மகளாக வீட்டில் இருந்தாள். இசக்கிசெல்வி கத்தரியைக் கையில் எடுத்தாள். அப்பா இல்லாத வீட்டில் அம்மா பேராச்சி மாட்டுங்காவில் வீட்டுவேலை செய்து படிக்கவைத்ததெல்லாம் கடைசியில் நூல் வெட்டத்தானா என்று இசக்கிசெல்விக்கு நெஞ்சு எரியும். ஐரோலியில் ஒரு பெரிய ஆபீஸ், ஏசி, கழுத்தில் அட்டை. அவள் கேட்டது அவ்வளவுதான். பேராசை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

ஐரோலியில் அந்த மாதிரி ஆபீஸ் ஒன்றில் ஆள் எடுப்பதாகத் தகவல் வந்தது. இரண்டு பேருமே விண்ணப்பம் போட்டார்கள். தேர்வை நடத்துவது வேறொரு கம்பெனி. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் அறையில் வேறு ஆள் இருக்கக்கூடாது, சத்தம் கேட்கக்கூடாது, கண் திரையைவிட்டு நகரக்கூடாது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். இந்த விதிகளை எழுதியவன் தாராவியைப் பார்த்தவன் இல்லை என்பது நிச்சயம். இங்கே தண்ணீர்க் குழாய் பொது, கக்கூஸ் பொது, பக்கத்து வீட்டுச் சண்டைகூடப் பொது. தனியறைக்கு எங்கே போவது?

ஹனீப்தான் வழி செய்தார். பட்டறைக்கு மேலே, இரும்பு ஏணியில் ஏறிப் போகும் சின்ன அறையைக் காலிசெய்து கொடுத்தார். தன் லேப்டாப்பையும் கொடுத்தார். சந்திலேயே உருப்படியான லேப்டாப் அது ஒன்றுதான். அவசரத்துக்கு எல்லோரும் அதைத்தான் கேட்டு வருவார்கள். அதீபாவுக்குக் காலையில் தேர்வு, இசக்கிசெல்விக்கு மத்தியானம். டெலிவரி கொடுக்கவேண்டிய நாளாக இருந்தும், இரண்டு தடவையும் ஹனீப் மெஷின்களை நிறுத்திவிட்டுக் காரிகர்களை டீ குடிக்க அனுப்பினார்.

"ரெண்டும் எனக்கு மவதான். எழுதிட்டு எறங்கு புள்ள" என்றார் இசக்கிசெல்வியிடம்.

முதல் பக்கத்தில் கண்ணுக்கே தெரியாத எழுத்தில் விதிமுறைகள் வந்தன. இசக்கிசெல்வி கீழே வரைக்கும் விரலால் தள்ளி ஓகேயை அமுக்கினாள். ஹனீப்பைக் கேலி செய்வதில் அந்தப் பட்டறையிலேயே அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கணக்குகளை நன்றாகத்தான் போட்டாள். கடைசியில் ஒரு கட்டுரை: கோபமாக இருக்கும் வாடிக்கையாளருக்குப் பதில் எழுது. அங்கேதான் பிடித்தது சனி. அவள் ஒரு வரி எழுதியதும் அந்த வரி நீலமாகி, தானே கலைந்து, அவளுடைய வாய்க்கு ஒருநாளும் வராத உயர்ந்த ஆங்கிலத்தில் திரும்பி வந்தது. பதறிப்போய் அழித்தாள். மறுபடி எழுதினாள். மறுபடி மாறியது. வலப்பக்கத்திலிருந்து கதவு திறப்பதைப்போல ஒரு பலகை நீண்டு வந்து, 'இந்தப் பக்கத்தை நான் படித்துவிட்டேன், விடைகளைச் சொல்லட்டுமா?' என்று கேட்டது. லேப்டாப் கொதித்தது. அவள் தட்டிய எழுத்து ஆற அமரத் திரையில் வந்து சேர்ந்தது. பலகையை மூடப் பெருக்கல் குறியை அமுக்கினாள், மூடவில்லை. மறுபடி அமுக்கினாள். 'தேர்வுச் சாளரத்தைவிட்டு வெளியே சென்றிருக்கிறீர்கள்' என்று மஞ்சளாக ஓர் எச்சரிக்கை வந்தது. போகவில்லையே, இங்கேதானே இருக்கிறேன் என்று கேமராவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதையும் சந்தேக அசைவு என்று குறித்துக்கொண்டது. பிறகு எல்லாம் சிவப்பானது. வெளியுதவி பெற்றதால் தேர்வு முடிக்கப்பட்டது; இனி இந்தக் கம்பெனி நடத்தும் எந்தத் தேர்வையும் அவள் எழுத முடியாது.

அந்த வட்டாரத்து ஆபீஸ்களுக்கெல்லாம் தேர்வு நடத்துவது அந்தக் கம்பெனிதான். போனது ஒரு வேலை இல்லை. எல்லா வேலையும் போயிற்று, திருடி என்ற பெயரும் சேர்ந்துகொண்டது.

ஏணிக்குக் கீழே அதீபா காத்திருந்தாள். இவள் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னதும் அவள் கண்ணை விரித்தாள்.

"அரே, எனக்கும் வந்துச்சுட்டி! நான் ரெண்டு வரிதான் எழுதுனேன், அதுவா மாத்திட்டு. படிச்சுப் பாத்தேன், ஏ ஒன்னா இருந்துச்சு. விட்டுட்டேன். மீதியும் அதுவே எழுதிட்டு."

"நீ அழிக்கலையா?"

"எதுக்கு அழிக்கணும்? நானா கேட்டேன்?" என்று சிரித்தாள் அதீபா.

சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் இசக்கிசெல்வியால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. மல்லுக்கட்டியவளைத்தான் அந்த யந்திரம் பிடித்திருக்கிறது. அழித்ததும், அமுக்கியதும், தவித்ததும் அதன் கண்ணுக்குத் திருட்டாகப் பட்டிருக்கிறது. சும்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் யோக்கியமாகிவிட்டாள்.

அதீபா தேர்வாகிவிட்ட செய்தி அந்த வாரமே வந்தது. ஹனீப் மாஹிமுக்கு ஆளனுப்பி அல்வா வாங்கிவந்து, தாள் தாளாகப் பிரித்துக் காரிகர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். பெரிய துண்டை இசக்கிசெல்வி கையில் அதீபாவே வைத்தாள். இசக்கிசெல்வி சிரித்த முகத்தோடு அதைத் தின்றாள். தின்னாமல் என்ன செய்வது?

பேராச்சி வேலைசெய்யும் வீடுகளில் ஒன்று வெங்கடேஷுடையது. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். வெங்கடேஷ் சரியாக அந்தத் தேர்வுக் கம்பெனியிலேயே மேனேஜர்; பாதி நாள் ஐரோலி, மீதி நாள் வீட்டிலேயே லேப்டாப். பேராச்சி மகளை இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

அவர் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பொறுமையாகக் கேட்டார்.

"இது உனக்கு மட்டும் இல்லம்மா. அந்த ப்ரௌசர்காரன் புதுசா எதையோ நுழைச்சான், அன்னிலேர்ந்து எங்க சைட் அதோட மல்லுக்கட்டிண்டு நொண்டறது. தப்பே பண்ணாத பசங்க நெறையப் பேர் மாட்டிண்டிருக்கா."

இசக்கிசெல்விக்கு உயிர் வந்தது. "அப்பம் எம்பேர எடுத்துவிட்ரலாம்லா சார்?"

"தெரியறது வேற, ஒத்துக்கறது வேற. கம்பெனி ஒத்துண்டா அத்தனை பேருக்கும் திரும்ப டெஸ்ட் வைக்கணும். யார் வைப்பா?" என்று காபியை ஆற்றினார். "உன் கேஸ்ல மட்டும் ஏதாவது ப்ரூஃப் இருந்தா பாக்கலாம். அதே லேப்டாப்ல வேற யாராவது எழுதினாளா? அவாளுக்கும் இப்படி வந்துதா?"

பேராச்சி துடைப்பத்தோடு நின்றவள், "சொல்லேன்ட்டி, அதீபா எழுதுனால்லா" என்றாள்.

இசக்கிசெல்வி அம்மாவை முறைத்தாள். "யோசிச்சுச் சொல்லுதேன் சார்."

"யோசிக்க என்ன இருக்கு? உண்மைய எழுதி ஒரு மெயில் போடு. எனக்கும் ஒரு காப்பி. மத்தத நான் பாத்துக்கறேன்."

அதீபாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதவேண்டும் என்று நினைத்தாள். அந்த மட்டும் அவளிடம் நேர்மை இருந்தது. தாதரில் அதீபா ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ளச் செருப்பு எடுக்கப் போனபோது கூடவே போய், கூட்டத்தில் நெரிபட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஒரு வரி எழுதிக் கொடு போதும். லேப்டாப் தானாத்தான் அப்படிச் செஞ்சுதுன்னு."

அதீபா கையிலிருந்த செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எழுதுனா, எனக்கும் வந்துச்சான்னு கேப்பான். என்னத்தச் சொல்ல?"

"நீ மூடிட்டேன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்லுதியா? பாரு செல்வி, இந்தச் சிக்கல், லோச்சா, உனக்கு ஆயிட்டு. நான் வேணும்னு செய்யல. எனக்கு ஒண்ணாந்தேதி ஜாயினிங். உனக்காக நான் எதுக்குக் குழியில குதிக்கணும்? பட்டறையில உன் வேலைய வாப்பா எங்கயும் தூக்கிறப் போறதில்ல. சோட் நா யார், விட்டுத்தள்ளு."

பட்டறை வேலை எங்கும் போகாது. அந்த வார்த்தைதான் கெடுத்தது. அதீபா அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். சாகும்வரை நீ நூல் வெட்டு என்று இவள் காதில் விழுந்தது.

மறுநாள் ஹனீப் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசல் போயிருந்தபோது இசக்கிசெல்வி லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மேலறைக்கு ஏறினாள். அவள் போனின் திரை கீறல் விழுந்து எழுத்தே சரியாகத் தெரியாது. நீளமாக ஆங்கிலத்தில் எழுதுவது அவளுக்கும் சுலபமில்லை. எழுத உட்கார்ந்ததுமே பலகை நீண்டு வந்தது: 'நான் உதவட்டுமா?' ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன்னைக் கெடுத்த அதனிடமே தன் நியாயத்தைச் சொன்னாள். தங்கிலீஷில் தட்டத் தட்ட, அது கோர்ட்டில் வாதாடுகிற வக்கீலைப்போல ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போனது.

அதே லேப்டாப்பில் அதீபாவும் எழுதினாள், அவளுக்கும் இதே பலகை வந்தது என்று சொல்லியிருந்தாலே போதும். அவ்வளவுதான் வெங்கடேஷும் கேட்டார். ஆனால் அவள் விரல் நிற்கவில்லை. அதீபாவின் கட்டுரை முழுவதும் ஏஐ எழுதியது, அவள் வாயாலேயே சொன்னாள் என்றும் சேர்த்தாள். அந்த வரி நியாயத்துக்காக எழுதியதில்லை. பொறாமையும் அல்வாவும் தாதரில் பார்த்த செருப்பும் சேர்ந்து எழுதியது. அனுப்பினாள். அனுப்பியதை அழித்தாள். தன் கணக்கிலிருந்து வெளியேறி, லேப்டாப்பைத் துடைத்து, இருந்த இடத்தில் வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

பதில் சீக்கிரமே வந்தது. பஸ்ஸுக்கு நிற்கும்போது, கீறல் விழுந்த போனில் கண்ணை இடுக்கிப் படித்தாள். ஒரே கருவியில் இரண்டு பேர் தேர்வெழுதியது விதிமீறல். ஆகவே இருவருடைய தேர்வும் ரத்து, இருவருக்கும் இனி அனுமதி இல்லை. தகவல் தந்து உதவியமைக்கு நன்றி.

பேராச்சி மறுநாள் வெங்கடேஷ் வீட்டில் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டாள். "பாத்துக்கிடுதேன்னு சொன்னியள தம்பி."

"பாத்தேனே. ரூல் பேராச்சியம்மா. ஒரு மெஷின், ஒரு ஆள். மொதப் பக்கத்துலயே போட்டிருக்கு, படிச்சேன்னு அவளும் ஓகே குடுத்திருக்கா" என்றார் வெங்கடேஷ், தலையைத் தூக்காமல். "அந்தத் தவலைய நன்னாத் தேய்ச்சிடு, அடி பிடிச்சிருக்கு."

ஒரு மெஷினை ஒரு ஆள் மட்டும் வைத்துக்கொள்ளும் ஊரில் பிறந்தவருக்கு அது சின்ன விஷயம். குழாய்க்கும் பிளக்குக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவளுக்கு, பகிர்ந்துகொள்வதே குற்றமாகும் என்று எப்படித் தோன்றும்? எந்த ஆதாரத்தைத் தேடி எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தாளோ அதுவே அவள் கழுத்தையும் அறுத்துவிட்டது, பக்கத்தில் நின்றவளுடையதையும்.

ஒரே லேப்டாப்பில் இருவர் எழுதியதாகத் தகவல் கிடைத்ததால் தேர்வு ரத்து என்று அதீபாவுக்கு ஜாயினிங்குக்கு முன்பே கடிதம் வந்துவிட்டது. அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். ஹனீப் இரண்டு நாள் சந்தில் விசாரித்துப் பார்த்தார். பிறகு ஒரு மத்தியானம் லேப்டாப்பை மேஜைமேல் விரித்துவைத்து, மகளையும் இசக்கிசெல்வியையும் கூப்பிட்டார்.

"எவனோ ஒரு ஹராமி போட்டுக் குடுத்துருக்கான். ரெண்டு பேரும் இதுலதான் எழுதுனியன்னு நம்ம சந்துக்காரனுக்குத்தான் தெரியும். பேரு தெரிஞ்சாப் போதும், தோல உரிச்சிருவேன். செல்வி, நீ நல்லா யோசன சொல்லுவ. பக்கத்துல இருந்து சொல்லு, செகரட்டரி எழுதட்டும். யாரு சொன்னான்னு அந்தக் கம்பெனிக்காரன்ட்ட கேப்போம்."

"வேண்டாம் மாமா" என்றாள் இசக்கிசெல்வி. "அவ்வோ பதில் போடமாட்டாவ."

"கேட்டா என்ன கொறஞ்சா போவும்? டேய், மெஷின பந்த் பண்ணுங்கடா!"

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்தப் பட்டறை அவளுக்காக நின்றது இது இரண்டாம் தடவை. காரிகர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அதீபா இசக்கிசெல்வியின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஹனீப் தேர்வுக் கம்பெனியின் பெயரைச் சொல்லி, அவர்களுக்கு ஒரு மெயில் எழுதவேண்டும் என்று தமிழில் சொன்னார். வட்டம் சுற்றியது. பக்கம் சிக்கிக்கொண்டது. இப்படியே செத்துப்போய்விடு, இந்த ஒருதரம் மட்டும் திறக்காமல் இரு என்று இசக்கிசெல்வி வேண்டிக்கொண்டாள். தேர்வு நாளில் அவள் கெஞ்சியதைக் கேட்காத யந்திரம் இன்றைக்கு மட்டும் கேட்டுவிடுமா? பலகை நீண்டு வந்தது. செகரட்டரி பட்டறை முழுவதும் கேட்கும்படி, தேன் ஒழுகப் பேசினாள்.

"நிச்சயமாக எழுதலாம். இதே நிறுவனத்துக்கு நீங்கள் சென்ற வாரம் இசக்கிசெல்வி என்ற பெயரில் ஒரு புகார் அனுப்பினீர்கள். அதீபா என்பவர் என் உதவியோடு கட்டுரை எழுதியதாக அதில் தெரிவித்திருந்தீர்கள். அதன் தொடர்ச்சியாக, இன்னும் வலுவாக எழுதித் தரட்டுமா?"

கீழே இரண்டு பொத்தான்கள் வந்து நின்றன. ஓகே. வேண்டாம்.

தோளிலிருந்து அதீபாவின் தலை மெல்ல எடுபட்டது. அவள் இசக்கிசெல்வியை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. வீங்கிய கண்களால் அவள் வாயையே பார்த்தாள்.

"அல்வா தின்னியேட்டி. எங்கையால வாங்கித் தின்னியே" என்றாள்.

நீ செய்ததும் தப்புதானே என்று இசக்கிசெல்வி கேட்டிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அதைக் கேட்கும் தைரியம் அவளுக்கு இல்லை.

ஹனீப் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பொத்தான்களையும் எழுத்துக் கூட்டி, உதடு அசையப் படித்தார். திரையில் வந்த கேள்விக்கு அவர் படித்துப் பார்த்துப் பதில் சொன்னது வாழ்க்கையிலேயே அன்றைக்குத்தான். 'வேண்டாம்' என்பதை அமுக்கினார். லேப்டாப்பை மூடினார். இசக்கிசெல்வி உட்காரும் இடத்திலிருந்து கத்தரியை எடுத்துப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்தார்.

"மெஷின ஓட்டுங்கடா" என்றார்.